பேரிடர் பகுதியில் மருத்துவ நிவாரணத் திட்டத்தை வழிநடத்த முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பொது சுகாதாரம் படித்து முடிக்கும் நிலையில் இருப்பதாகவும், இந்த வேலைக்கு வர ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் எண்ணத் தெரிய வேண்டும் என்பேன். குறிப்பாக, உங்களிடம் வராதவர்களை.

வெள்ளத்துக்குப் பிறகு அமைந்த ஒரு முகாமில்தான் முதன்முதலாகப் பொறுப்பேற்றேன். இன்று எத்தனை நோயாளிகளைப் பார்த்தோம் என்று தினமும் சாயங்காலம் அறிக்கை அனுப்புவோம். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வேலை நன்றாக நடப்பதாக நம்பினேன். பத்தாம் நாள் கடைசி வரிசைக் கூடாரங்கள் வரை நடந்து போனபோது, அவற்றின் பின்னால் மூன்று சின்னக் குழிமேடுகள். வயிற்றுப்போக்கு. மூன்று குழந்தைகளின் பெயரும் எங்கள் பதிவேட்டில் இல்லை. ஒரு தாய்க்கு இன்னும் இரண்டு பிள்ளைகள். அவர்களை யாரிடம் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வருவாள்?

மறுநாளே ஒவ்வொரு வரிசையிலும் அங்கேயே வசிக்கும் ஒருவரை நியமித்தோம். யார் இறந்தார், யாருக்கு முடியவில்லை என்று காலையில் வந்து சொல்வது அவர் வேலை. 10,000 பேருக்கு ஒரு நாளில் 1 இறப்பு என்பதை அவசரநிலையின் எல்லையாகக் கொள்வார்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் அது 2. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்து இதைக் கணக்கிடவே முடியாது.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது நிவாரண அமைப்புகள் பொதுவாகப் பின்பற்றும் ஸ்ஃபியர் (Sphere) தரநிலை. 1994இல் ருவாண்டா அகதிகள் எல்லை தாண்டி, இன்றைய காங்கோவின் கோமா (Goma) நகரில் குவிந்தபோது, எரிமலைப் பாறை நிலத்தில் கழிப்பறைக் குழிகூடத் தோண்ட முடியவில்லை. முதல் மாதத்திலேயே சுமார் 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவாலும் சீதபேதியாலும். அங்கே மருத்துவர்களை மட்டும் கூட்டியிருந்தால் போதியிருக்காது. அதனால் மருந்துப் பட்டியலோடு உட்காரும் நேரத்துக்குச் சமமாகத் தண்ணீர் லாரி ஆட்களோடும் உட்காருங்கள்.

எனக்கு ஆசான் என்று ஒருவரைச் சொல்வதானால், டாக்டர் திலீப் மகலனாபிஸ். 1971இல் வங்கதேச அகதிகள் நிரம்பிய, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீரத் தொடங்கியது. உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே புகட்டச் சொன்னார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. வாய்வழிக் கரைசலைப் பலர் நம்பாத காலம் அது. அந்தக் கரைசலைவிட, ஒரு தாயின் கையில் அதைக் கொடுக்கத் துணிந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எங்கள் கடைசி வரிசையிலும் பிறகு அதைத்தான் செய்தோம். கரைசல் பொட்டலங்கள் கூடாரத்துக்கே போயின.

அப்புறம் ஒன்று. ஆள் தேவைப்படும்போது பக்கத்து அரசு சுகாதார நிலையத்தின் செவிலியர்களை அதிகச் சம்பளம் காட்டி இழுக்காதீர்கள். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். முகாமுக்கு வெளியே, வெள்ளத்துக்கு முன்பும் ஏழையாகவே இருந்த ஊர்களுக்கு அந்த ஒரு நிலையம்தான் இருக்கும். அங்கே நடக்கும் பிரசவங்களும் உங்கள் பதிவேட்டில் வராது.