சி மொழியில் எண் கணக்கு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஒரே சி புரோகிராம், பழைய 32 பிட் கணினியில் ஒரு விடை, புதியதில் வேறு விடை. கடைசி இலக்கங்கள் மாறுகின்றன. ஏன் சார்?

பழைய இன்டெல் கணினிகளில் புள்ளி வைத்த எண்களின் கணக்கைப் பெரும்பாலும் எக்ஸ்87 என்ற பிராசசர் பகுதிதான் செய்யும். அதன் ரிஜிஸ்டர், அதாவது எண்ணை வைத்துக்கொள்ளும் உள்ளிடம், 80 பிட். இடைவிடை அங்கேயே தங்கினால் கூடுதல் துல்லியம், மெமரிக்குப் போய்வந்தால் டபுள் என்ற சி எண் வகையின் 53 பிட் துல்லியம்தான். எது தங்கும் என்பது கம்பைலரின் (புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) கையில். புதிய கணினிகள் பயன்படுத்தும் எஸ்எஸ்இ2 கட்டளைகளில் இந்தத் தொல்லை இல்லை. சி மொழியின் 1999 தரமான சி99 இந்தக் கூடுதல் துல்லியத்தைத் தடை செய்யவில்லை. எந்த முறையில் கணக்கு நடக்கிறது என்று புரோகிராமே தெரிந்துகொள்ள ஒரு மேக்ரோ (பெயர் வைத்த மதிப்பு) கொடுத்தது. அதுவே பெரிய உதவி.

ஃபோர்ட்ரான்தான் வேகம் என்கிறார்களே?

காரணம் பாயின்டர், அதாவது மெமரி முகவரி; சி-யில் இரண்டு பாயின்டர்கள் ஒரே இடத்தைக் காட்டலாம். ஃபோர்ட்ரானில் ஃபங்ஷனுக்கு வரும் ஒரு அரேயில் (எண்களின் வரிசை) எழுதினால் இன்னொரு அரே மாறாது என்று கம்பைலர் நம்பலாம். சி-யில் நம்ப முடியாது, அதனால் மதிப்பை மறுபடி மெமரியிலிருந்து எடுக்கும். சி99-இன் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல் அந்த உறுதியை நீங்களே கொடுக்க வழிசெய்கிறது. உறுதி தவறினால் விடைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சி++ தரத்தில் இது இன்னும் இல்லை.

ஃபாஸ்ட்-மேத் போடலாமா அண்ணா?

ஃபாஸ்ட்-மேத் என்பது, வேகத்துக்காகக் கணக்கை இயற்கணித விதிப்படி மாற்றிக்கொள்ளக் கம்பைலருக்கு அனுமதி தரும் ஆப்ஷன். உங்கள் கோடில் கஹான் கூட்டல் (நிறைய எண்களைக் கூட்டும்போது வரும் பிழையைத் திருத்தும் முறை) இருந்தால் வேண்டவே வேண்டாம். அதில், முழுமையாக்கும்போது விட்டுப்போன சில்லறையை, புதிய கூட்டுத்தொகையிலிருந்து பழையதைக் கழித்து, அதிலிருந்து சேர்த்த எண்ணையும் கழித்துக் கண்டுபிடிப்போம். இயற்கணிதப்படி அது பூஜ்யம். ஃபாஸ்ட்-மேத் அந்த வரியையே தூக்கிவிடலாம். பிழைத்திருத்தம் போய்விடும், எச்சரிக்கையும் வராது. விடை 'எண் அல்ல' (பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பது போன்றவற்றின் விடை) தானா என்று பார்க்கும் சோதனைகளும் வேலை செய்யாமல் போகலாம். ஆரம்பகால சி-யில் அடைப்புக்குறி போட்டாலும் கம்பைலர் கூட்டல் வரிசையை மாற்றலாம். 1989 தரம்தான் அதை நிறுத்தியது. அப்படிக் கிடைத்த பாதுகாப்பை ஒரு ஆப்ஷனுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

பை-க்கு மாறிலி உண்டா?

எம்_பை என்பது போசிக்ஸ் (யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான தரம்) தந்தது, சி தரத்தில் இல்லை. சி++20-இல் உண்டு. சி23-இல், பை-யை நீங்கள் பெருக்காமலே சைன், காஸ் தரும் சைன்பை, காஸ்பை ஃபங்ஷன்கள் வந்துவிட்டன.

தரத்தில் நீங்கள் எதை மாற்றுவீர்கள்?

கலப்பெண்ணை (காம்ப்ளெக்ஸ் நம்பர்) எல்லாக் கம்பைலருக்கும் கட்டாயமாக்குவேன். சி99-இல் கொடுத்ததை சி11 கம்பைலர் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விட்டது, இன்றும் அப்படியே. ஓடும்போது நீளம் முடிவாகும் அரேக்கும் அதே கதிதான்; ஆனால் அந்த அரே வகைகளை மட்டும் (அப்படிப்பட்ட லோக்கல் அரேயை உருவாக்குவதை அல்ல) சி23 மறுபடி கட்டாயமாக்கியது. இனி மேட்ரிக்ஸை அதன் அளவோடு ஃபங்ஷனுக்குத் தைரியமாக அனுப்பலாம்.