வாசகர் கேள்வி - பதில்: டிராக்டருக்கும் லோடருக்கும் எந்த கிரீஸ், எவ்வளவு, எப்போது?

கேள்வி: முன்பக்க லோடர் பொருத்திய டிராக்டர் வைத்திருக்கிறேன். கிரீஸ் வாங்கப் போனால் சிவப்பு, நீலம், கறுப்பு, பழுப்பு என்று நான்கைந்து டின்களை எடுத்து வைக்கிறார்கள். சிலவற்றில் எம்.பி. என்றும் சிலவற்றில் ஈ.பி. 2 என்றும் எழுதியிருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: நிறத்தை முற்றிலும் மறந்துவிடுங்கள். கிரீஸின் நிறம் பெரும்பாலும் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம்தான்; ஒரு நிறுவனத்தின் நீலமும் மற்றொரு நிறுவனத்தின் நீலமும் வேறு வேறு பொருள்களாக இருக்கலாம். கறுப்பு அல்லது சாம்பல் நிறம் மட்டும் கிராஃபைட்டோ மாலிப்டினமோ கலந்திருப்பதைக் காட்டக்கூடும், ஆனால் அதையும் டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படித்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அல்ல. எண்ணெயைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் ஒரு வகை சோப்பும் எண்ணெயும் சேர்ந்த கலவை அது. உராய்வைக் குறைக்கும் வேலையைப் பெருமளவு செய்வது உள்ளே இருக்கும் எண்ணெய்தான். அதை இடத்தைவிட்டு ஓடாமல் வைத்திருப்பது சோப்பு. ஆகவே டின்னைக் கையில் எடுத்ததும் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: எவ்வளவு கெட்டி, என்ன சோப்பு, உள்ளே எந்த அளவு தடிமனான எண்ணெய்.

கெட்டித்தன்மையைச் சொல்வது என்.எல்.ஜி.ஐ. எண். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கூம்பை கிரீஸின் மேல் விட்டு, ஐந்து வினாடியில் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து இந்த எண்ணைத் தருகிறார்கள். 2 என்றால் கூம்பு 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கும். 1 அதைவிட இளக்கம், 3 அதைவிட இறுக்கம். டிராக்டர், லோடர் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 2 பொருந்தும். கடுங்குளிரில் 2 கிரீஸ் கன்னிலிருந்து (கிரீஸை அழுத்திச் செலுத்தும் கைக்கருவி) வெளியே வரவே மறுக்கும் என்பதால் அங்கே 1 நல்லது. இந்த எண் தரத்தைக் குறிப்பதில்லை என்பதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். 3 என்பதால் அது 2-ஐவிட உயர்ந்தது என்று நினைத்து வாங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சோப்பு வகையில் சாதாரண லித்தியம் பல வேலைகளுக்குப் போதும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும். சாதாரண லித்தியம் கிரீஸ் ஏறத்தாழ 190 டிகிரியில் உருகிச் சொட்டத் தொடங்கினால், காம்ப்ளெக்ஸ் வகை சுமார் 260 டிகிரி வரை சொட்டாமல் நிற்கும். சேற்றிலும் தண்ணீரிலும் நாள் முழுக்க நிற்கும் இயந்திரத்துக்கு கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் மிகச் சிறந்தது, விலைதான் அதிகம். பழைய முறையில் தயாரிக்கப்படும் சாதாரண கால்சியம் கிரீஸும் தண்ணீருக்கு அசையாது, ஆனால் வெப்பத்துக்குச் சீக்கிரம் இளகிவிடும். ஆகவே அதைச் சக்கர பேரிங்கில் வைக்காதீர்கள்.

எம்.பி. என்றால் பல வேலைகளுக்குமான பொது கிரீஸ் என்று பொருள். ஈ.பி. என்ற எழுத்துகள் கடும் அழுத்தத்தைத் தாங்கும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டிருப்பதைக் குறிக்கின்றன. லோடருக்கு அது இல்லாத கிரீஸை வாங்க வேண்டாம். டின்னின் மேல் ஜி.சி.-எல்.பி. என்ற முத்திரை இருந்தால் அது சக்கர பேரிங்குக்கும் சட்டத்தின் மூட்டுகளுக்கும் தேர்வு செய்யப்பட்ட கிரீஸ் என்று பொருள். ஒரே டின்தான் வாங்க முடியும் என்றால், என்.எல்.ஜி.ஐ. 2, லித்தியம் காம்ப்ளெக்ஸ், ஈ.பி., ஜி.சி.-எல்.பி. என்று நான்கும் சேர்ந்த ஒன்றை வாங்குங்கள்.

கேள்வி: பட்டறையில் மாலி கலந்த கறுப்பு கிரீஸ்தான் எல்லாவற்றிலும் பலமானது என்கிறார்கள். எல்லா இடத்துக்கும் அதையே அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். எந்த கிரீஸ் என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்த மூட்டு எப்படி அசைகிறது என்பதுதான்.

லோடரின் பக்கெட்டை மூட்டில் கோத்திருக்கும் இரும்புத் தண்டான பின்னைப் பாருங்கள். அது முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை. கனத்த பாரத்தின் கீழ் மெதுவாக முன்னும் பின்னும் கொஞ்சம் புரண்டு நின்றுவிடுகிறது. வேகம் இல்லாததால் பின்னுக்கும் அதைச் சுற்றியிருக்கும் உலோக உறையான புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் தானாக உருவாக வழியில்லை. இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். அத்தகைய இடத்தில் தடிமனான எண்ணெயும் (40 டிகிரியில் பாகுநிலை 320 முதல் 460 வரை), 3 முதல் 5 சதவீத மாலிப்டினம் டைசல்ஃபைடும் உள்ள கிரீஸ் உண்மையிலேயே பின்னின் ஆயுளை நீட்டிக்கும். அந்தத் தாதுவின் அடுக்குகள் சீட்டுக்கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, எண்ணெய் பிழிந்து வெளியேறிய பிறகும் உலோகத்தைக் காக்கின்றன.

சக்கர பேரிங்கிலும் பி.டி.ஓ. தண்டின் (டிராக்டரின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் தண்டு) ஊசி பேரிங்கிலும் நிலைமை நேர்மாறு. அங்கே உருளைகள் உருள வேண்டும். திடத்துகள் மிகுந்த கிரீஸில் அவை உருளாமல் வழுக்கக்கூடும், துகள்களும் குறுகிய இடைவெளிகளில் போய்த் தேங்கும். அங்கே பாகுநிலை 150 முதல் 220 வரையுள்ள, மாலி கலக்காத கிரீஸ் போதும். இரண்டு வகை வைத்திருப்பவர்கள் இரண்டு கன் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பீப்பாயிலும் பெயிண்டால் அடையாளம் எழுதிவிடுவது நல்லது.

கேள்வி: ஒரு நிப்பிளுக்கு (மூட்டில் கிரீஸ் ஏற்றும் சிறு முனை) எத்தனை முறை அழுத்த வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒரு முறை? பக்கெட்டைத் தூக்கி வைத்து அடிப்பதா, இறக்கி வைத்தா?

பதில்: இறக்கி வைத்துத்தான். பக்கெட்டைச் சமதளத்தில் தரையில் படியவிட்டு, எஞ்சினை நிறுத்தி, லோடர் நெம்புகோலை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை விடுவித்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே கன்னைத் தொட வேண்டும். தூக்கி நிறுத்திய லோடர் கைகளின் கீழ் தலையை நீட்டி கிரீஸ் அடிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. ஒரு ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் போதும்.

பாதுகாப்பைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது பின் புஷ்ஷின் ஒரு பக்கத்தோடு இறுக அழுந்தியிருக்கும். உள்ளே போகும் கிரீஸ் எதிர்ப்பக்கத் தளர்ச்சியின் வழியாக எளிதாக வெளியே வந்துவிடும். நீங்கள் புதிய கிரீஸ் வெளிவருவதைப் பார்த்துத் திருப்தியடைவீர்கள், தேய்மானம் நடக்கிற பக்கமோ உலர்ந்தே கிடக்கும். பக்கெட் தரையில் இருந்தால் அந்தப் பக்கம் விடுபடும். இதற்குப் பிறகு லோடரை ஓரிரு முறை ஏற்றி இறக்கி, மறுபடியும் இறக்கி வைத்து இன்னும் ஒரு முறை அழுத்தினால் கிரீஸ் சுற்றிலும் பரவும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, கன்னுக்குக் கன் அளவு மாறும். ஒரு காகிதத்தின் மேல் 20 முறை அழுத்தி எடை போட்டுப் பாருங்கள். உங்கள் கன் ஒரு அழுத்தத்துக்கு எத்தனை கிராம் தருகிறது என்று தெரிந்துவிடும். லோடரின் திறந்த பின்-புஷ் மூட்டுகளில், ஓரத்தில் வெளிவரும் கறுத்த பழைய கிரீஸ் நின்று புதியது தெரியும் வரை அழுத்துங்கள். வெளிவந்ததில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டாலும், பின்னின் ஓரத்தில் மெல்லிய வளையமாகக் கொஞ்சம் விட்டுவையுங்கள்; தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் அது தடுக்கும். சீல் வைத்த பேரிங்குகளில் இந்த முறை கூடாது. கைக் கன் ஒரு சதுர அங்குலத்துக்கு 10,000 பவுண்டு வரை அழுத்தம் தரக்கூடியது. சீல் பிதுங்கிவிட்டால் அந்த பேரிங்கின் வாழ்நாள் முடிந்ததென்றே கொள்ளலாம். அங்கே ஓரிரு அழுத்தத்தோடு நிறுத்துங்கள்.

லோடர் பின்களுக்கு ஒவ்வொரு 10 மணி நேர வேலைக்கும் ஒரு முறை என்பதே பொதுவான வழக்கம். முன் அச்சின் நடுப் பின்னுக்கும் ஸ்டீயரிங் மூட்டுகளுக்கும் 50 மணி நேரம் என்று பல கையேடுகள் சொல்லும். சேற்றில் உழைத்தாலோ தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலோ அன்றைக்கே அடித்துவிட வேண்டும். காலையில் அடிப்பதைவிட வேலை முடிந்த மாலையில் அடிப்பதையே நான் விரும்புவேன். மூட்டு சூடாக இருக்கும், கிரீஸ் தாராளமாக உள்ளே போகும், பகலில் புகுந்த ஈரமும் மண்ணும் இரவு முழுக்க உள்ளே தங்கித் துருவாகாமல் வெளியே தள்ளப்படும்.

கன்னை வைக்கும் முன் நிப்பிளின் தலையைத் துணியால் துடைப்பதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். துடைக்காத நிப்பிளில் முதல் அழுத்தம் உள்ளே அனுப்புவது மணலைத்தான்.

கேள்வி: ஒரு நிப்பிளில் மட்டும் கிரீஸ் ஏறவே மாட்டேன் என்கிறது. கன்னின் பக்கவாட்டில் வழிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நிப்பிளைக் கழற்றிக் கையில் பிடித்து அதில் கன்னை வைத்து அழுத்துங்கள். அப்போதும் போகவில்லை என்றால் உள்ளிருக்கும் சிறு குண்டு இறுகிவிட்டது. நிப்பிளை மாற்றிவிடுங்கள், செலவு அற்பம். கையில் நன்றாகப் போகிறது என்றால் அடைப்பு பின்னுக்குள் இருக்கிறது. துருவை இளக்கும் எண்ணெயைத் துளைக்குள் விட்டு ஓர் இரவு வைத்து, மூட்டை அசைத்து அசைத்து முயன்று பாருங்கள். அதிலும் திறக்காவிட்டால் பின்னைத் தட்டி எடுத்துத் துளையையும் பள்ளத்தையும் சுத்தம் செய்வதே வழி. நெருப்பு வைத்துச் சூடாக்குவதை ஏற்க முடியாது. சீல் கருகும், உள்ளே அடைபட்ட கிரீஸ் சீறி வெளியே வரும்.

புதிதாக புஷ் மாற்றிய பிறகு இந்தத் தொல்லை வந்திருந்தால், புஷ்ஷில் உள்ள துளையும் வெளிக்கூட்டின் துளையும் நேராக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். புஷ்ஷை அடித்து ஏற்றும்போது கால் அங்குலம் திரும்பியிருந்தாலே வழி மூடிவிடும்.

கேள்வி: டின்னின் மேல் எண்ணெய் மிதக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. சிறிதளவு எண்ணெய் பிரிவது கிரீஸின் இயல்பு. சுத்தமான குச்சியால் கலக்கிப் பயன்படுத்துங்கள், மூடியை இறுக மூடி வையுங்கள். ஒரு பங்கு எண்ணெயும் ஒரு பங்கு வறண்ட கட்டியுமாகப் பிரிந்திருந்தால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: இதுவரை லித்தியம் அடித்துவந்தேன். புதிதாக வாங்கிய வேறு வகையை அடித்த பிறகு மூட்டிலிருந்து கூழ்போல வழிகிறது. ஏன்?

பதில்: இரண்டு சோப்புகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றே தோன்றுகிறது. பொருந்தாத சோப்புகள் கலந்தால் எண்ணெயைப் பிடித்து வைக்கும் சக்தி போய், கலவை நீர்த்துவிடும். சில சமயம் மாறாகக் கட்டியாகவும் இறுகும். லித்தியமும் லித்தியம் காம்ப்ளெக்ஸும் பொதுவாகச் சேரும். சோப்புக்குப் பதிலாகக் களிமண்ணோ பாலியூரியாவோ சேர்த்த கிரீஸ்களை லித்தியத்தோடு கலக்காமல் இருப்பதே நல்லது. லோடர் பின்களில் புதிய கிரீஸை நிறைய அழுத்திப் பழையதை முழுதாக வெளியேற்றி, அடுத்த சில நாள்களுக்கு அடிக்கடி அடியுங்கள். சக்கர பேரிங்காக இருந்தால் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டு, உருளைகளுக்கு இடையே கையால் கிரீஸைத் திணித்து வையுங்கள். கழுவிய பேரிங்கை அழுத்தக் காற்றால் சுழலவிட வேண்டாம். உலர்ந்த உருளைகள் கீறிவிடும், சில நேரம் சிதறவும் செய்யும். ஹப்பின் வெற்றிடத்தை முழுதாக நிரப்பவும் கூடாது. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். அதற்கு மேல் போனால் கிரீஸ் கடையப்பட்டுச் சூடாகிச் சீல் வழியே வெளியேறும்.

கேள்வி: பி.டி.ஓ. தண்டின் கிராஸ் (தண்டை மடங்கவிடும் சிலுவை வடிவ மூட்டு) அடிக்கடி போகிறது. தினமும் கிரீஸ் அடிக்கிறேன்.

பதில்: கிராஸுக்கு அடிக்கிறீர்கள்; தண்டின் நீளும் குழாய்க்கு அடிக்கிறீர்களா? உள்குழாயும் வெளிக்குழாயும் வறண்டு ஒன்றையொன்று கவ்விக்கொண்டால், கருவியைத் தூக்கும்போதும் திருப்பும்போதும் ஏற்படும் தள்ளல் முழுவதும் கிராஸின் மேல் விழுகிறது. தண்டைப் பிரித்துக் குழாய்களைத் துடைத்து, மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவி, கையால் இழுத்தால் வழுக்கி வருகிறதா என்று பாருங்கள். கிராஸில் அடிக்கும்போது நான்கு முனைகளிலும் கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் வராவிட்டால் மூட்டை வேறு கோணத்துக்கு மடக்கி மறுபடி அழுத்துங்கள், அந்த ஊசி பேரிங்தான் முதலில் போகப்போகிறது. உராய்வு கிளட்ச் பொருத்திய தண்டாக இருந்தால் அதன் தட்டுகளில் ஒரு துளி கிரீஸும் படக்கூடாது.

கேள்வி: கிரீஸ் கன் குழாயில் மயிரிழை போன்ற விரிசல் இருந்தது. கையால் பிடித்து அழுத்தியபோது விரலில் ஊசி குத்தியது போல் இருந்தது. சின்னப் புள்ளி மட்டும்தான் தெரிகிறது, வலியும் இல்லை. மருந்து போட்டால் போதுமா?

பதில்: போதாது. இந்த இதழ் கைக்கு வந்தவுடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உயர் அழுத்தத்தில் தோலுக்குள் புகுந்த கிரீஸ் தசைநாரின் உறை வழியே உள்ளங்கை வரை பரவும். முதல் சில மணி நேரம் வலி இல்லாமல் இருப்பது வழக்கம்தான். பிறகு விரல் வீங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். இதற்குப் பெரும்பாலும் உடனடி அறுவைச் சிகிச்சையே தேவைப்படும். வெறும் குத்துக்காயம் என்று சொல்லிவிடாமல், அழுத்தத்தில் கிரீஸ் உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, கிரீஸ் டின்னின் பெயர்த்தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.