கிராமோஸ் மலை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கிரேக்க உள்நாட்டுப் போர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1949 ஆகஸ்டில் அரசுப் படை, கம்யூனிஸ்ட் போராளிகள் இருந்த வடக்கு எல்லையில் கிராமோஸ் மலையைத் தாக்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டு விட்சி மலையில் போய் அடித்தது எவ்வளவு அழகான நகர்வு! யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ தன் நாட்டு எல்லையை மூடாமல் இருந்திருந்தால் கம்யூனிஸ்டுகள் வென்றிருப்பார்களா? தோற்றவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

இதையெல்லாம் தேடிப் படிக்கிறீர்களே, சந்தோஷம். ஆனால் ‘அழகான நகர்வு’ என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். அம்புக்குறி போட்ட வரைபடத்தில்தான் அது அழகு. அந்த மலைகளில் நேபாம் என்ற தீக்குண்டு போட்டார்கள்.

டிட்டோ எல்லையை மூடியது பெரிய அடிதான். போராளிகளின் தளபதி மார்க்கோஸை ஒதுக்கிவிட்டு, கெரில்லாக்களைப் பதுங்குகுழியில் உட்காரவைத்து நேருக்கு நேர் மோதவிட்ட கட்சித் தலைவர் ஜக்காரியாடிஸும் ஒரு காரணம். இவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன.

எனக்கு வேறொன்று வெகுநாளாக உறுத்துகிறது. மலையூர்களை அரசு காலிசெய்தபோதே கம்யூனிஸ்ட் படை தோற்கத் தொடங்கிவிட்டது. சொந்த நாட்டிலேயே அகதியானவர்கள் சுமார் 7 லட்சம் பேர். ஊர் இல்லையென்றால் ரொட்டி இல்லை, தகவல் சொல்ல ஆள் இல்லை, காயம்பட்டவனைக் கிடத்த இடமில்லை, புதிதாகச் சேரப் பிள்ளைகள் இல்லை. போராளிகளும் இரக்கம் காட்டவில்லை. ஆள் குறையக் குறைய, ஆண் பெண் பார்க்காமல் கட்டாயமாகப் பிடித்துச் சேர்த்தார்கள். இரண்டு பக்கமும் பிடுங்கியது ஒரே வீட்டில்தான்.

எங்கள் அப்புச்சிக்குப் பர்கூர் மலையில் மாட்டுப் பட்டி இருந்தது. மேய்க்கிற ஆட்களுக்கு அந்தியூரில் ராகி வாங்கி ஏற்றுவார். வீரப்பனைத் தேடிய காலத்தில், வழியில் மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, “நாலு பேருக்கு எதுக்குய்யா இவ்வளவு?” என்று கேட்டார்கள். பாதியை இறக்கிவைத்துவிட்டுத்தான் போகவிட்டார்கள். காட்டுக்குள் இருந்தவனுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. பட்டிதான் கலைந்தது. மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார் அப்புச்சி. மலையில் போர் என்றால் எனக்கு அந்த ராகி மூட்டைதான் முதலில் தெரிகிறது. நீங்கள் அடுத்த முறை கிராமோஸைப் படிக்கும்போது, எந்தப் படைப்பிரிவு எங்கே நின்றது என்பதை விடுங்கள். அந்த வருஷம் அங்கே யார் விதைத்தார்கள், யார் அறுத்தார்கள் என்று தேடுங்கள்.

தோற்றவர்கள் அல்பேனியா வழியாக வெளியேறினார்கள். ஏராளமானோர் சோவியத் யூனியனின் தாஷ்கண்டில் குடியேற்றப்பட்டார்கள். 1982-இல் கிரேக்க அரசு திரும்பி வரலாம் என்றது, ஆனால் கிரேக்க இனத்தவர் மட்டும். விட்சிப் பக்கத்தில் மாசிடோனிய மொழி பேசியவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்புங்கள் தம்பி, இங்கேயே வெளியிடுகிறேன்.