கத்தி பட்ட கை: கறி வெட்டுவோர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பல வருஷமாகக் கறி வெட்டுகிறேன். வெட்டு எப்போதும் இடது கையில்தான் விழுகிறது. கையுறை போட்டால் கறி பிடிபடவில்லை. – கறிக்கடைக்காரர், ஈரோடு

பதில்: வலது கையில் கத்தி என்றால், கறியைப் பிடிக்கிற இடது கைதான் அதன் எதிரில் நிற்கும். ரப்பர் கையுறை அதைத் தடுக்காது. எஃகு வளையங்களைக் கோத்த வலைக் கையுறை வாங்குங்கள். தொளதொளவென்று இருந்தால்தான் கறி நழுவும். விரலுக்குச் சரியான அளவில் எடுத்து, மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள். கத்தி இதன் மேல் இழுபட்டால் வெட்டாது. கூர்நுனி நேராகக் குத்தினால் வளையத்துக்குள் புகுந்துவிடலாம், அதனால் அதை நம்பிக் கவனத்தை விடக்கூடாது. எலும்பு அறுக்கும் மின்ரம்பத்துக்குப் போகும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். பல்லில் வளையம் மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும்.

இன்னொன்று. எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும்போது கத்தியைத் தன் பக்கமாக இழுப்பது பலருக்குப் பழக்கம். சிக்கிய கத்தி சட்டென்று விடுபட்டால் தொடை இடுக்கில் பாயும். அங்கே ஓடுவது பெரிய ரத்தக்குழாய். அறுந்தால் சில நிமிடங்களில் உயிரே போகலாம். இந்தப் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்.

கேள்வி: கத்தி ரொம்பக் கூராக இருந்தால் ஆபத்துதானே?

பதில்: மழுங்கிய கத்திதான் ஆபத்து. அழுத்தி வெட்ட வேண்டிவரும், அழுத்தினால் வழுக்கும். ஒழுங்காகச் சாணை பிடியுங்கள், கொழுப்பு படிந்த பிடியை அடிக்கடி கழுவுங்கள். கை தவறி விழும் கத்தியைப் பிடிக்கப் போகாதீர்கள்.

கேள்வி: உள்ளங்கையில் சின்ன வெட்டு. மஞ்சள்தூள் வைத்ததும் ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஆள்காட்டி விரல் நுனி மடங்கவில்லை.

பதில்: இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே ஒரு கீறல்தான் தெரியும், உள்ளே நாண் அறுந்து கிடக்கும். நாள் தள்ளினால் அது சுருங்கிப் பின்வாங்கிவிடும், சேர்த்துத் தைப்பது கஷ்டம். விரல் மரத்துப்போயிருந்தால் நரம்பும் வெட்டுப்பட்டிருக்கலாம். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோழி இறைச்சி ஆலையில் ஒப்பந்த வேலை. சேர்ந்த வாரமே விரலில் வெட்டு. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடைக்குமா? – நாமக்கல்

பதில்: மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு முதல் நாளிலிருந்தே உரிமை இருக்கிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். காயத்தை விபத்துப் பதிவேட்டில் உடனே ஏற்றச் சொல்லுங்கள். வீட்டில் வெட்டிக்கொண்டதாக எழுதித் தரச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.