மேல்பாதி நிக்குது, கீழ்ப்பாதி கழருது: பெயின்ட் கேள்விகளுக்குப் பதில்

கட்டாரில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பெயின்ட் அடித்த கூட்டத்தில் 11 வருடம் இருந்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பியவன் நான். மாரிக்கு முன் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில்.

சம்மாந்துறை, அரிசி மில்: அண்ணன், எங்கட இரும்புத் தண்ணித் தாங்கிக்குப் போன தை மாசம் எப்பொக்சி (ரெண்டு ரின் கலந்து அடிக்கிற பெயின்ட்) அடிச்சம். மேல்பாதி கல்லு மாதிரி நிக்குது, கீழ்ப்பாதி மட்டும் தகடு தகடாக் கழருது. ஒரே பெயின்ட், ஒரே பெயின்டர் பாஸ். ஏன்?

அடிக்கும்போது உள்ளே தண்ணீர் இருந்ததா என்று கேட்டேன். அரைவாசி இருந்ததாம். பெயின்ட் கழன்ற கோடும் தண்ணீர் நின்ற மட்டமும் ஒன்றுதான் தம்பி. தண்ணீர் தொடும் தகடு வெயிலிலும் குளிர்ந்தே இருக்கும். காற்று 28 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால், 24 பாகைக்குக் குளிர்ந்த எதிலும் பனி படியும். ஐஸில் இருந்து எடுத்த சோடாப் போத்தல் வேர்க்கிற மாதிரித்தான். தகடு அந்தப் பனிபடு நிலையைவிடக் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும், அதாவது 27. ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு கணக்கு. உங்கள் பாஸ் வானத்தைப் பார்த்திருப்பார், தகட்டைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

இதையெல்லாம் அளக்க மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஈரத் துணியால் தகட்டில் ஒரு சாண் இடத்தைத் துடைத்துவிடுங்கள். கால் மணித்தியாலத்தில் காய்ந்தால் அடிக்கலாம். அதற்குப் பிறகும் ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தால் தேத்தண்ணி குடிக்கப் போங்கள். தாங்கியை முதலில் வெறுமையாக்குவதை மறக்க வேண்டாம்.

காத்தான்குடி, வெல்டிங் பட்டறை: கச்சான் காலத்தில மழையே இல்ல. ஆனா ஸ்ப்ரே பண்ணினா சேண்ட் பேப்பர் மாதிரிச் சொரசொரப்பா வருது.

வறண்ட கச்சான் காற்றில் தின்னர் வழியிலேயே பறந்துவிடுகிறது; தகட்டில் விழுவது பெயின்ட் இல்லை, தூள். கன்னைக் கிட்டப் பிடியுங்கள், மெதுவாக உலரும் தின்னரைக் கேட்டு வாங்குங்கள். வெயில் பட்ட தகடு 50 பாகையைத் தாண்டும், கை வைக்க முடியாது. அதில் அடித்தால் தின்னர் கொதித்து ஊசித் துளை விழும். நிழலைத் துரத்திக்கொண்டு அடியுங்கள்: காலையில் மேற்குப் பக்கம், பின்னேரம் கிழக்குப் பக்கம். இன்னொன்று, 10 பாகை கூடினால் கலந்த எப்பொக்சி இறுகாமல் நிற்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். ரின்னை நிழலில் வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள்.

கல்லடி: கடற்கரைப் பக்கம் வீடு. கேட்டை நல்லாத் தேய்ச்சுத்தான் அடிச்சோம். 6 மாசத்தில கொப்புளம், உள்ளுக்குக் கறள்.

உப்பு. தேய்ப்பதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவினீர்களா தங்கச்சி? கழுவாமல் தேய்த்தால் உப்பை இரும்புக்குள்ளேயே தேய்த்துவிடுகிறோம். பெயின்டுக்கு அடியில் சிக்கிய உப்பு வெளியில் இருந்து ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். முதல் கோட் இரவில் வெளியே நின்றால், அடுத்த கோட்டுக்கு முன்னும் கழுவிக் காயவிடுங்கள். ஒரே இரவில் காற்று உப்பைக் கொண்டுவந்து பூசிவிடும். சிலர் கறள் எடுக்கக் கடற்கரை மணலையே அள்ளிக் காற்றழுத்தத்தால் வீசி பிளாஸ்ட் பண்ணுகிறார்கள்! உப்பும் இரும்புக்குள்ளே போகும், அந்தத் தூசி நெஞ்சையும் தின்னும். வேண்டவே வேண்டாம்.

ஒலுவில்: சிங்க் சிலிக்கேட் ப்ரைமர் அடிக்கிறோம். காத்து எவ்வளவு வறண்டா அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. துத்தநாகத் தூள் கலந்த அந்த முதல் பூச்சு காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே போனால் நாட்கணக்கில் தூளாகவே கிடக்கும். தொட்டால் ஒட்டாத பதம் வந்தபின் நல்ல தண்ணீரை மெல்லிய தூறலாக விசிறுங்கள்.

வாழைச்சேனை: எப்பொக்சி அடிச்ச இரவே மழை பிடிச்சிட்டு. காலையில மேலே மெழுகு மாதிரி ஒரு பசை. தின்னரால துடைச்சிட்டு ரெண்டாவது கோட் அடிக்கவா?

நிறுத்துங்கள். தின்னர் அதைப் பரப்பும், எடுக்காது. ஹார்டனரில் (இறுகவைக்கக் கலக்கும் இரண்டாவது ரின்) உள்ள அமீன் என்ற பொருள் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து விட்ட பசை அது. நானே ஒருமுறை அப்படித் துடைத்துவிட்டு அடித்தேன். மூன்றாம் நாள் மேல்கோட் வாழை மடல் உரிகிற மாதிரிக் கையோடு வந்தது. சம்பளத்தில் வெட்டினார்கள். இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். காய்ந்தபின் விரலால் இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் இன்னொருமுறை கழுவ வேண்டும். வழுக்காவிட்டால் லேசாகச் சேண்ட் பேப்பர் போட்டுவிட்டு அடிக்கலாம்.