ஜெர்மனில் எப்போது 'டேன்', எப்போது 'டேம்'?

கேள்வி: பிரிபொசிஷன் (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'இன்', 'மிட்' போன்ற சொல்) பட்டியல் எல்லாம் மனப்பாடமாகத் தெரிகிறது. ஆனால் பேசும்போது அக்குஸாட்டிவ் (நம் இரண்டாம் வேற்றுமை மாதிரி), டாட்டிவ் (நான்காம் வேற்றுமை மாதிரி) இரண்டும் மாறிப்போகின்றன. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஏதாவது சுலப வழி உண்டா?

உண்டு. ஆனால் அதே தமிழ்தான் குழியிலும் தள்ளும். நான் முதலில் விழுந்தது குழியில்தான்.

ஏ2 வகுப்பு, அதாவது தொடக்கநிலையின் இரண்டாம் படி. 'பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்' என்று ஜெர்மனில் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்கு, 'கு' உருபு, நான்காம் வேற்றுமை, அப்படியானால் டாட்டிவ் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, 'இஷ் வார்ட்டெ அவுஃப் டேம் புஸ்' என்றேன். ஆசிரியை ஒன்றும் பேசாமல் பலகையில் ஒரு பஸ் வரைந்தார். அதன் கூரைமேல் ஒரு குச்சி மனிதன், பக்கத்தில் ஒரு கடிகாரம். நான் சொன்னதற்கு அதுதான் அர்த்தமாம்: பஸ்ஸின் மேலே உட்கார்ந்து காத்திருக்கிறேன். 'டேன் புஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும். ('டேன்', 'டேம்' இரண்டும் ஆங்கில 'தி' போன்ற சொல்லின் வடிவங்கள்; ஆண்பால் பெயருக்கு முன் 'டேன்' அக்குஸாட்டிவ், 'டேம்' டாட்டிவ்.)

'கு வந்தால் டாட்டிவ்' என்ற கணக்கு முழுக்கத் தப்பும் இல்லை, அதுதான் வம்பு. எனக்குக் குளிர்கிறது என்பதற்கு 'மியர் இஸ்ட் கால்ட்', எனக்கு உதவு என்பதற்கு 'ஹில்ஃப் மியர்'. 'மியர்' டாட்டிவ், நம் 'எனக்கு' அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. அந்தத் தெம்பில் 'எனக்காக' என்பதையும் டாட்டிவில் போட்டால் தப்பு. 'ஃப்யூர்' எப்போதும் அக்குஸாட்டிவ்தான் கேட்கும், 'ஃப்யூர் மிஷ்'. 'என்னோடு' என்பதில் 'கு' மருந்துக்கும் இல்லை, ஆனால் 'மிட் மியர்', டாட்டிவ். ஆக, பிரிபொசிஷன் என்று வந்துவிட்டால் அர்த்தத்தைப் பார்க்காதீர்கள், அந்தச் சொல் என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 'உன்னைப் பற்றி' என்கிறோம், 'உனக்கு முன்பு' என்கிறோம். யாராவது 'உனக்குப் பற்றி' என்றால் காது கூசும். 'பற்றி'க்கு ஏன் 'ஐ', 'முன்பு'க்கு ஏன் 'கு' என்று யாரும் நம்மை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நாம் பின்னால் வைப்பதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் பட்டியலை வெறும் சொற்களாகப் படிக்காமல் துண்டு துண்டாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள். டுர்ஷ், ஃப்யூர், கேகன், ஓனெ, உம் ஐந்தும் அக்குஸாட்டிவ்: 'டுர்ஷ் டேன் பார்க்', 'ஃப்யூர் டேன் ஷெஃப்'. அவுஸ், பை, மிட், நாக், ஸைட், ஃபொன், ட்சூ டாட்டிவ்: 'ட்சும் ஆர்ட்ஸ்ட்', 'ட்சூர் ஆர்பைட்', 'மிட் டேம் புஸ்'. டாக்டரிடம் நடந்து போனாலும் 'ட்சும்' ('ட்சூ டேம்' சுருங்கியது) டாட்டிவ்தான் என்பதைக் கவனியுங்கள். 'நகர்ந்தால் அக்குஸாட்டிவ்' என்று யாராவது சொல்லித் தந்திருந்தால், அது இந்தச் சொற்களுக்குப் பொருந்தாது. (வேகன், ட்ரொட்ஸ் போன்றவை கெனிட்டிவ், நம் ஆறாம் வேற்றுமை மாதிரி. பேச்சில் 'வேகன் டேம் வெட்டர்' என்று டாட்டிவ் காதில் விழும். பரீட்சையில் 'வேகன் டெஸ் வெட்டர்ஸ்' என்றே எழுதுங்கள்.)

உண்மையான தலைவலி அந்த ஒன்பது: அன், அவுஃப், ஹிண்டர், இன், நேபன், ஊபர், உண்டர், ஃபோர், ட்ஸ்விஷன். இவை இரண்டு வேற்றுமையும் எடுக்கும். 'வோ' (எந்த இடத்தில்) என்று கேட்டால் டாட்டிவ், 'வோஹின்' (எந்த இடத்துக்கு) என்று கேட்டால் அக்குஸாட்டிவ். நமக்கு இரண்டுமே 'எங்கே'. எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய், எங்கே வைக்கட்டும், எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதனால் கேள்வி கேட்டுப் பார்ப்பது நமக்கு உதவுவதில்லை.

உருபைப் பார்த்தால் பாதி தேறும். பூங்காவில் ஓடுகிறேன் என்றால் 'இம் பார்க்' ('இன் டேம்' சுருங்கி 'இம்'), டாட்டிவ். கால் நகர்கிறது, ஆனால் ஆள் பூங்காவுக்குள்ளேயேதான். பூங்காவுக்குள் ஓடுகிறேன் என்றால் 'இன் டேன் பார்க்'. சரி, மீதிப் பாதி? 'தட்டை மேசையில் வைத்தேன்.' இதிலும் 'இல்'தான் வருகிறது, ஆனால் ஜெர்மனில் 'அவுஃப் டேன் டிஷ்', அக்குஸாட்டிவ். இங்கேதான் நான் பல மாதம் தடுமாறினேன். வீட்டுக்காரப் பாட்டியோடு சேர்ந்து பாத்திரம் அடுக்கும்போது ஒவ்வொரு முறையும் 'அவுஃப் டேம் டிஷ்' என்பேன். அவர் திருத்துவது போலவே இல்லாமல், 'ஆ, அவுஃப் டேன் டிஷ், ஷோன்' என்று அதையே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த தட்டை நீட்டுவார்.

கடைசியில் பிடி கிடைத்தது வினைச்சொல்லில். ஜெர்மனில் 'லீகன், லேகன்', 'ஷ்டேஹன், ஷ்டெல்லன்', 'ஸிட்ஸன், ஸெட்ஸன்' என்று மூன்று ஜோடிகள் உண்டு. தமிழில் சொல்லிப் பாருங்கள்: கிட, கிடத்து. நில், நிறுத்து. இரு, இருத்து. (யாழ்ப்பாணத்தார் 'இருங்கோ' என்றால் உட்காருங்கள் என்றுதானே அர்த்தம்.) தன்வினை, பிறவினை என்று ஏழாம் வகுப்பில் எரிச்சலோடு படித்த அதே விஷயம். கிடத்து, நிறுத்து, இருத்து வகை என்றால் அக்குஸாட்டிவ். கிட, நில், இரு வகை என்றால் டாட்டிவ். தட்டை நிறுத்தினேன், 'அவுஃப் டேன் டிஷ்'. தட்டு நிற்கிறது, 'அவுஃப் டேம் டிஷ்'. ஆமாம், ஜெர்மனில் தட்டு நிற்கும். அடிப்பாகம் இருக்கிறதாம், அதனால் நிற்குமாம்! இதை மட்டும் என் மனம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

'பஸ்ஸுக்குக் காத்திருத்தல்' மாதிரி வினையோடு ஒட்டிக்கொண்டு வரும் பிரிபொசிஷன்களுக்கு இந்த வித்தை எதுவும் செல்லாது. 'வார்ட்டன் அவுஃப்' அக்குஸாட்டிவ், 'ஆங்ஸ்ட் ஹாபன் ஃபோர்' (ஒன்றுக்குப் பயப்படுதல்) டாட்டிவ் என்று சேர்த்தேதான் நெட்டுரு போட வேண்டும்.

அப்புறம், வேற்றுமை தெரிந்தும் தப்பு வருகிறது என்றால் பெரும்பாலும் பால் தெரியாததுதான் காரணம். அக்குஸாட்டிவில் மாறுவது ஆண்பால் 'டேர்' மட்டும், அது 'டேன்' ஆகும். பெண்பால் 'டீ', இரண்டு பாலிலும் சேராத 'டாஸ்' இரண்டும் அப்படியே இருக்கும். டாட்டிவில் 'டேர்', 'டாஸ்' இரண்டும் 'டேம்', 'டீ' மட்டும் 'டேர்'. பெண்பால் சொல்லுக்கு முன் 'டேர்' வருவதைப் பார்த்து ஆண்பாலோ என்று குழம்பாதவர் எங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை. நான் ஆண்பால் சொற்களை மட்டும் தனி நோட்டில், 'டேன்' சேர்த்தே எழுதிவந்தேன். 'டேன் டிஷ்', 'டேன் ஷ்டூல்', 'டேன் ஷ்ராங்க்' என்று சமையலறையில் கண்ணில் பட்டதிலிருந்து ஆரம்பித்தேன்.