தலையாட்டுகிறான், ஆனால் புரியவில்லை: காது மெஷின் போட்ட மாணவனுக்கு வகுப்பில் என்ன செய்யலாம்?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் 35 பிள்ளைகள். ஒரு மாணவன் இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறான். முதல் வரிசையில்தான் உட்கார வைத்திருக்கிறேன். "புரிந்ததா?" என்றால் தலையாட்டுகிறான். நோட்டைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. "வீட்டில் நன்றாகத்தான் கேட்கிறான் டீச்சர்" என்கிறார் அவன் அம்மா. கவனக்குறைவா, வேறு பிரச்சினையா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா சொல்வதும் சரி, நீங்கள் பார்ப்பதும் சரி. வீட்டில் அம்மா பக்கத்தில் நின்று, முகம் பார்த்து, அவனுக்குப் பழகிய விஷயத்தைப் பேசுகிறார். வகுப்பில் நீங்கள் நாலைந்து மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், மின்விசிறி ஓடுகிறது, அடுத்த வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறார்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது. ஆனால் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி சொற்களைக் குழப்பிவிடும். கண்ணாடி போட்டால் பார்வை தெளிவாகிவிடுகிறதே, அதுபோல இந்த மெஷின் செவியைச் சரிசெய்துவிடாது. உங்கள் குரலோடு விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே கூட்டிக் கொடுக்கும். அதனால் இதைக் கவனக்குறைவு என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

முதலில் மெஷின் வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். அவனுக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணக் குரலில் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் வரிசை மாற்றி, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். கேட்டதை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். டேனியல் லிங் என்பவர் வகுத்த சோதனை இது. பேச்சில் வரும் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். நேற்று சொன்னதை இன்று சொல்லவில்லை என்றால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், குழாயில் வியர்வை நீர் தேங்கியிருக்கலாம், காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். 'கீ' என்று விசில் அடித்தால் பெரும்பாலும் காது அச்சு (மெஷினில் காதுத் துளைக்குள் பொருந்தும் பகுதி) தளர்ந்துவிட்டது என்று பொருள். வளரும் பிள்ளைக்கு அச்சை அவ்வப்போது புதிதாக எடுக்க வேண்டும். இதைப் பல வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மாற்று பேட்டரி ஒரு ஜோடி உங்கள் அலமாரியில் இருக்கட்டும். ஆனால் பூட்டி வையுங்கள், பொத்தான் பேட்டரியை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. புதுப் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப் பட வைத்துப் போட்டால் நன்றாக வேலை செய்யும்.

அடுத்து இடம். முதல் வரிசை நல்லதுதான், ஆனால் அங்கிருந்து பின்னால் பேசும் பிள்ளைகளின் முகம் தெரியாது. இரண்டாம் வரிசையில் ஓரமாக, கொஞ்சம் திரும்பினால் வகுப்பு முழுவதும் தெரியும்படி உட்கார வையுங்கள். ஒரு காது சற்று நன்றாகக் கேட்கும் என்றால் அந்தக் காது வகுப்பின் பக்கம் இருக்கட்டும். நீங்கள் ஜன்னலுக்கு முன்னால் நிற்காதீர்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. எழுதி முடித்து, திரும்பி, அப்புறம் பேசுங்கள். கத்த வேண்டாம். கத்தினால் உதட்டின் வடிவம் மாறிவிடும், மெஷினிலும் ஒலி சிதையும்.

உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வான் என்றும் நினைக்காதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று ஒலி வராமல் 'பாலை', 'மாலை' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். 'க' தொண்டைப் பக்கம் பிறக்கிறது, வெளியே தெரியவே தெரியாது. நம் மொழியில் இன்னொரு சிக்கல், பொருள் சொல்லின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார். கடையை, கடைக்கு, கடையில். அந்தக் கடைசி ஒலிதான் குரல் தாழ்ந்து மெலிதாக வருவது. அதனால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகள் 'அம்மா கடை போனான்' என்று எழுதுகிறார்கள். அது மந்தம் அல்ல, காதில் விழாத விகுதி. சரியான வாக்கியத்தை எழுதிக் காட்டுங்கள், விகுதியை வேறு நிறத்தில் எழுதுங்கள். பாடத்தின் புதிய சொற்களை முந்தைய நாளே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாதிச் சுமை குறையும். 'சொல்வதை எழுதுதல்' வைக்கும்போது அவன் பக்கத்தில் நின்று, தனிச் சொல்லாக இல்லாமல் வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

"புரிந்ததா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எல்லோர் முன்னாலும் இல்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் கூச்சம் இருக்கும். "இப்போது எந்தக் கணக்கைச் செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். இன்னொரு மாணவன் சொன்ன பதிலை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், அது இவனுக்கு எட்டியிருக்காது. குழுவாக உட்காரும்போது ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசட்டும். மதியத்துக்கு மேல் அவன் சோர்ந்துபோனால் திட்டாதீர்கள். நாள் முழுக்க உற்றுக் கேட்பது பெரிய உழைப்பு. கடினமான பாடத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் பேசுங்கள். அவனுடைய கடைசி ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் செவிச் சோதனை வரைபடம்) எப்போது எடுத்தது, மெஷினை அதற்கேற்ப அமைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆசிரியர் கழுத்தில் மைக் மாட்டிக்கொள்ளும் எஃப்.எம் கருவி இந்த மெஷினோடு சேருமா என்றும் விசாரியுங்கள், தூரத்துக்கும் இரைச்சலுக்கும் அதைவிட நல்ல வழி இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், தேர்வில் கூடுதல் நேரம், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற மாற்றங்களுக்கு இடம் தருகிறது. கூடுதல் நேரத்தை இப்போதே கொடுங்கள். மொழி விலக்கைப் பற்றி மட்டும் என் கருத்து வேறு: நான்காம் வகுப்பிலேயே ஆங்கிலத்தை நிறுத்திவிட வேண்டாம். வாய்மொழித் தேர்வைக் குறைத்து வாசிப்பைக் கூட்டுங்கள். விலக்கு வேண்டுமா என்பதை உயர்நிலை வகுப்புக்குப் போகும்போது அவனையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யலாம்.